டிரையர் மேல் காய வைத்த டிஸ்க்

அக்கா,

இன்று காலை மகள் தன் கணினியில் எதையோ திறக்கப் பார்த்து, "இந்த பைல் திறக்கவே மாட்டேங்குதும்மா" என்று சலித்துக்கொண்டாள். பிறகு வேறெங்கோ வைத்திருந்த நகலை எடுத்து ஐந்தே நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

எண்பதுகளில் நம் தேயிலை எஸ்டேட் ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொட கிளார்க்கான எனக்கு மட்டும்தான் அனுமதி. என் மண்டைக்கனம் உங்களுக்குத் தெரியாததா? கொழுந்துக் கூடையோடு ஜன்னலில் நின்று, "கிராணியம்மா, டிவியில என்ன படம்?" என்று கேலி பண்ணுவீர்கள். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களின் பதிவேடுகள் பூசணம் பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தன. யார் எந்த லயத்தில் எப்போது பிறந்தார், பெற்றவர் யார் என்பதையெல்லாம் இரண்டு மாதம் உட்கார்ந்து கட்டம் கட்டமாக ஒரு பிளாப்பி டிஸ்கில் ஏற்றினேன். முடித்ததும் துரை ஏடுகளை எரிக்கச் சொல்லிவிட்டார். இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்து வை என்று கம்ப்யூட்டர் கொண்டுவந்தவர் சொன்னதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இங்கே மலேசியாவிலேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாததால் உங்களிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள கார்டு. குடிமக்களுக்கான நீலக் கார்டு வாங்கினால்தான் பாஸ்போர்ட். வேலை பெர்மிட் கிடைக்காத புருஷனோடு கப்பலேறி இந்தியாவுக்கே போய்விட்ட உங்கள் தங்கச்சியை அப்போதுதான் பார்க்க முடியும். நீங்கள் இங்கே பிறந்தவர் என்று ஆபீஸ் கடிதம் ஒன்று வேண்டியிருந்தது. நீலக் கார்டு மனு விசாரணைக்கு ஒரு வாரம் இருந்தது. "திங்கக்கிழமை அடிச்சுத் தர்றேன்க்கா, என்ன அவசரம்?" என்றேன்.

அந்த வாரம் விடாத மழை. டிஸ்கை எடுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூசணம். நம் ஆட்கள் ஈரச் சட்டை, தீப்பெட்டி, உப்பு எல்லாவற்றையும் ஃபேக்டரியில் தேயிலை காயும் டிரையர் மேல்தானே வைப்போம்? நானும் டிஸ்கை அங்கேயே வைத்தேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திங்கட்கிழமை பைல் திறக்கவில்லை. ஊதினேன், துடைத்தேன், மெஷினை அணைத்து மறுபடி போட்டேன். படிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் அதே ஒரு வரிதான் வந்தது. ஈப்போவிலிருந்து வந்த மெக்கானிக் டிஸ்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூசணத்தைத் தொடச்சு எடுத்திருக்கலாம்லா. சூட்டுல வளைஞ்சதை ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். யார் சூட்டில் வைத்தது என்றும் கேட்டார். நான் டிஸ்கை வாங்கி மேசை டிராயரில் போட்டு மூடினேன்.

உங்களிடம், மெஷின் கெட்டுப் போச்சு என்று சொன்னேன். நீங்கள் என் தலையைத் தடவி, "மெஷின் கெட்டதுக்கு நீ என்னம்மா பண்ணுவே?" என்றீர்கள். கடிதம் இல்லாமல் மனு திரும்பி வந்தது. அப்புறம் நீங்கள் மனுவே போடவில்லை.

தங்கச்சிக்கு உங்கள் கடிதங்களை எழுதிக் கொடுத்தவள் நான். எப்போது வருவாய் என்று அவர் கேட்கும்போதெல்லாம், நீங்கள் சொல்லச் சொல்ல, மெஷின் கெட்ட கதையை என் கையாலேயே எழுதினேன். நீங்கள் இறந்த சேதியையும் நானே எழுதினேன். எங்க அக்காவுக்குக் கடைசிவரை எழுதிக் குடுத்த உனக்குப் புண்ணியம் என்று பதில் போட்டிருந்தார். இன்றுவரை நான் சுமப்பது அந்தப் புண்ணியத்தைத்தான்.

மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு, அக்கா.