பம்ப் செய்தியில் நான் வெட்டிய வரி

மேனாம்பேடு, அம்பத்தூர், சென்னை-53
11-2-1994, வெள்ளி காலை

அன்பு மகன் சத்தியராஜுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் துணையால் இங்கே அம்மா, ராணி, நான் மூவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று வழக்கம்போல் எழுத இந்தத் தடவை கை வரவில்லை. உன் உடம்பாவது சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம்.

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளை மறுநாள் ஞாயிறு, 13-ம் தேதி, கோவிந்தராஜின் வாரப் பத்திரிகையில், உன்னைப் பற்றி நான் எழுதிய செய்திக்குத் திருத்தம் வெளியாகிறது. முதல் பக்கம், கட்டம் கட்டி, பன்னிரண்டு வரி. ஆதாரம், நேற்று மாலை ஆறு பத்துக்கு அவனே சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்த அச்சுப் புரூப். அதன் ஜெராக்ஸ் இந்தக் கவரில் இருக்கிறது. நீ ஜனவரி 2-ம் தேதி எனக்கு எழுதிய மூலக் கடிதமும் அது வந்த உறையும் இதிலேயே இருக்கின்றன. உறையைக் கசக்கிவிடாதே, அதிலுள்ள அஞ்சல் முத்திரைதான் முக்கியம். ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். நீ போனில் கேட்டது இந்தக் கவரில் இல்லை, அதற்கும் காரணம் எழுதியிருக்கிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றவில்லை, டெலிபோன் பூத் சுலைமான் வாசலில் நின்று, சாரே, உம் புள்ள லைன்ல கீறான், கொரலே செரியில்ல, சட்டுனு வா என்று கூப்பிட்டான். நீ பேசியது மூன்று நிமிடம் இருபது நொடி, பூத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். சொன்னதை நான் புரிந்துகொண்ட வரையில் இங்கே எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்து. உங்கள் விமானக் கம்பெனியில் தீவு அரசாங்கத்துக்கு ஐம்பத்தொரு பங்கு, வெளிநாட்டுக் கம்பெனிக்கு நாற்பத்தொன்பது. விமான நிலையமும் பெட்ரோலும் அரசாங்கத்தின் பொறுப்பு, உதிரி பாகமும் பெரிய இன்ஜினியரும் வெளிநாட்டுக் கம்பெனியின் பொறுப்பு. இருப்பதே இரண்டு விமானம், அதில் ஒன்று நவம்பரிலிருந்து உதிரி பாகம் வராமல் நிற்கிறது. டிசம்பர் 28-ம் தேதி மற்றதில் ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது. கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பிள்ளைத்தாய்ச்சிப் பெண் உள்ளே உட்கார்ந்திருக்க, ஓடாமல் நின்ற விமானத்தின் பம்பை நீ கழற்றி இதில் மாட்டி நாலு மணி நேரத்தில் கிளப்பிவிட்டாய். இதை நீ எனக்கு எழுதினாய், நான் பத்திரிகையில் எழுதினேன். இப்போது இரண்டு கூட்டாளிகளும் அந்தப் பத்திரிகைத் துண்டை நடுவில் வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் பாகம் அனுப்பாத லட்சணத்தைப் பாருங்கள் என்கிறது அரசாங்கத் தரப்பு. எங்களைக் கேட்காமல் உங்கள் பையன் இஷ்டத்துக்குக் கழற்றினான், கேட்டதாக இதில் ஒரு வார்த்தைகூட இல்லை பாருங்கள் என்கிறது வெளிநாட்டுத் தரப்பு. பெரிய இன்ஜினியர் அவர்கள் ஆள், வாயைத் திறக்கவில்லை. பம்பைக் கழற்றியதைப் பற்றி விமானப் பதிவேட்டில் நீ எழுதிய குறிப்பும் பத்திரிகை வந்த பிறகு எழுதிச் சேர்த்ததுதான் என்கிறார்கள். 22-ம் தேதி செவ்வாய்க்கிழமை விசாரணை, அதுவரை விமானத்தைத் தொடக்கூடாது என்று உன் அடையாள அட்டையை வாங்கி வைத்துவிட்டார்கள். தப்பு உன்மேல் என்று முடிந்தால் லைசென்ஸ் போய்விடும், அதன் பிறகு எந்த நாட்டிலும் எந்த விமானத்தின் பக்கத்திலும் உன்னை விடமாட்டார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, அப்பா, நான் அப்படி எதுவும் எழுதவேயில்ல, நீங்களா கட்டின கதைன்னு ஒரு கடுதாசி குடுத்துடுங்க என்றாய். லைன் அறுந்துவிட்டது.

அந்தப் பத்திரிகைத் துண்டு எப்படி அங்கே வந்தது என்பதையும் விசாரித்துவிட்டேன். ஆவடி குவார்ட்டர்ஸில் பால்ராஜின் மனைவி வேம்புலியம்மாள், நம் ஊர்ப் பிள்ளையைப் பற்றி வந்திருக்கிறதே என்று வெட்டி, உங்கள் துறைமுகத்தில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் பால்ராஜுக்கு அனுப்பியிருக்கிறாள். அவர் அதை உங்கள் கம்பெனி கேண்டீன் போர்டில் ஊசியால் குத்திவைத்திருக்கிறார். வெளிநாட்டுக் கம்பெனியின் மேனேஜருக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பது பால்ராஜுக்குத் தெரியாது. அந்தப் பெண் செவ்வாய்க்கிழமை இங்கே வந்து, நல்லதுன்னுதான் அனுப்பினேன் அண்ணா, எங்க ஊடு பூரா பெருமையா பேசிக்கினு இருந்தோம் என்று அழுதாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. பால்ராஜிடமும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.

குற்றம் என்னுடையது, அதையும் விவரமாகவே எழுதுகிறேன். இங்கே எஸ்டேட் தொழிற்சாலைகளில் நின்ற மெஷினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றை ஓட்டிவிடுகிற பிட்டரைத்தான் கெட்டிக்காரன் என்பார்கள். முதலாளி தீபாவளிக்குத் தனியாக ஒரு பாக்கெட் ஸ்வீட் கொடுப்பார். அந்தக் கண்ணால்தான் உன் காரியத்தைப் பார்த்தேன். விமானம் வேறு என்று எனக்குத் தோன்றவேயில்லை. போதாததற்கு முப்பத்தொரு வருட நிருபர் பழக்கம், தேதி, மணி, விமானத்தின் எண், பம்பின் பெயர், எல்லாவற்றையும் பிசகாமல் போட்டேன். பொதுவாக எழுதியிருந்தால் எவனும் சீண்டியிருக்கமாட்டான். தலைப்பு கோவிந்தராஜ் வைத்தது, இரண்டை ஒன்றாக்கிப் பறக்கவிட்ட மேனாம்பேட்டுப் பிள்ளை என்று. அன்று டேங்க் பாக்டரி உத்தமன் பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தி, இன்னா அண்ணாத்தே, புள்ள ஏரோப்ளானையே பிரிச்சி மேயறானாமே என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது எழுதவே கூசுகிறது.

திங்கட்கிழமை காலை நீ கேட்டபடி எழுத உட்கார்ந்தேன். எத்தனையோ பேர் கொடுத்த மறுப்பை வாங்கிப் போட்டவன் நான், வாசகம் தேட வேண்டியிருக்கவில்லை, நாலு வரியில் முடிந்துவிட்டது. மகனைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்ற ஆசையில் நானே கற்பனையாக எழுதினேன் என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன். தேதி சரியாக இருக்கட்டுமே என்று உன் கடிதத்தை எடுத்துப் படிக்கச் சொன்னேன். என் கண்ணுக்கு இப்போது பொடி எழுத்து சட்டென்று பிடிபடுவதில்லை, ராணிதான் பீரோவிலிருந்து எடுத்து உரக்கப் படித்தாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். பம்ப் விஷயம் வந்தது. நீ எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன். பெரிய இன்ஜினியரை ஒயர்லெஸ்ஸில் கேட்டு, அவர் சரி என்ற பிறகு, இரண்டு விமானத்தின் பதிவேட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கழற்றினேன். ராணி நிறுத்திவிட்டு, அப்பா, இந்த வரி உங்க கட்டுரையில இல்லியே என்றாள்.

இல்லைதான். கோவிந்தராஜ் எனக்குக் கொடுத்த இடம் நாற்பது வரி, எழுதியது நாற்பத்திரண்டு வந்தது, இதை வெட்டினேன். அவளிடம் இப்படித்தான் சொன்னேன். அதுவும் முழு உண்மை இல்லை. வெட்டுவதற்கு வேறு வரிகள் இருந்தன, நீ படித்த பள்ளிக்கூடத்தின் பெயரை எடுத்திருக்கலாம். மேலதிகாரியைக் கேட்டுச் செய்தான் என்று போட்டால் உன் பெருமை குறைந்துவிடும் என்று நினைத்தேன். நீயாகவே துணிந்து செய்ததாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே வரி அது, பெருமைக்காக அதை எடுத்தவன் நான். வேறு நிருபர் இப்படிச் செய்திருந்தால் நான் அவனை ஆபீஸ் படியேற விட்டிருக்கமாட்டேன்.

அதோடு முடியவில்லை. நான் நிறுத்தச் சொல்வதற்குள் ராணி அடுத்த வரிக்குப் போய்விட்டாள். நவம்பரில் உனக்குப் பதினெட்டு நாள் மஞ்சள் காமாலை இருந்ததும், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நீ எழுதியதும் அடுப்படிவரை கேட்டது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். உன் கடிதங்களை அவளுக்கு வாசித்துக் காட்டுவது நான்தான் என்பது உனக்குத் தெரியும், வாசிக்கும்போது அவளுக்கு வேண்டாம் என்று நான் நினைத்ததை எல்லாம் தாண்டிப்போவேன் என்பது தெரியாது. எத்தினி கடுதாசில எத்தினி வரிய முழுங்கினீங்க என்று கேட்டாள். அதன் பிறகு இரண்டு நாள் என்னிடம் நேராகப் பேசவில்லை. உங்கப்பாவ துன்னச் சொல்லு, பேப்பர்ல போட்டாத்தான் பசிக்குமோ இன்னாவோ என்று ராணி மூலமாகத்தான் சோறு வந்தது. உன் பத்தொன்பது கடிதங்களையும் முதலிலிருந்து ராணியை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். இப்போது உன்னைப் பற்றி என்னைவிட அவளுக்கு அதிகம் தெரியும்.

அந்த நாலு வரியைக் கிழித்துவிட்டேன். பொய் சொல்லத் தயங்கி இல்லை மகனே, உனக்கு உதவும் என்றால் சொல்லியிருப்பேன், இந்த வயதில் என் பேர் கெட்டு யாருக்கு என்ன நஷ்டம். ஆனால் நீ எனக்கு ஒன்றுமே எழுதவில்லை என்று ஆகிவிட்டால் இந்தக் கடிதமும் இல்லை என்று ஆகிவிடும். யோசித்துப் பார். உன் உறையில் தீவு அஞ்சல் முத்திரை ஜனவரி 3, அம்பத்தூர் முத்திரை ஜனவரி 12. பத்திரிகை வெளியானது ஜனவரி 23. பதிவேட்டில் எழுதினேன் என்று பத்திரிகைக்கு இருபது நாள் முன்பே நீ எழுதியிருக்கிறாய், அதற்கு இரண்டு நாட்டுத் தபாலாபீஸும் சாட்சி. பிற்பாடு எழுதிச் சேர்த்தது என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. கோவிந்தராஜ் திருத்தம் போடக் கொஞ்சம் முனகினான். அண்ணே, ஏழு வருசமா ஒரு திருத்தம் போட்டதில்ல, பேரு கெட்டுடும் என்றான். வரியை வெட்டியவன் நான் என்று என் பெயரைப் போட்டே எழுதிக் கொடுத்த பிறகு ஒத்துக்கொண்டான். இனிமேல் நான் எழுதப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்துல இன்னா போடுறது, ஊறுகா விளம்பரமா என்றான். போடட்டும்.

புதன்கிழமை ராணி அவள் ஆபீஸ் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, நான் எழுதிக் கொடுத்த திருத்தத்தையும் உன் கடிதத்தின் நகலையும் உங்கள் ஊர் விமானப் போக்குவரத்து இலாகாவுக்குப் பேக்ஸ் செய்தாள். நேற்றுப் பகல் பதில் வந்தது, இரண்டே வரி. நகல் ஏற்கப்படாது, மூலக் கடிதம் உறையோடு விசாரணைக்கு முன்னால் வர வேண்டும். அம்மாவுக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. ராணி ஒரு எழுத்து விடாமல் நோட்டில் எழுதிக் கொடுத்த பிறகுதான் எடுத்துக்கொடுத்தாள்.

விசாரணையில் கோபப்படாதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். இரண்டு கூட்டாளிகளின் சண்டையில் எந்தப் பக்கமும் பேசாதே. நாளைக்கு அவர்கள் சமாதானமாகிவிடுவார்கள், பேசியவன்தான் அகப்பட்டுக்கொள்வான். உன் அப்பா கதை கட்டுகிறவரா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல், ஒரு வரியை வெட்டினார், ஏன் வெட்டினார் என்பதை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று இந்தக் கடிதத்தைக் காட்டு. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், உனக்குத் தெரிந்ததையெல்லாமும் சேர்த்து.

வீட்டில் வேறு விசேஷம் இல்லை. தண்ணீர் லாரி மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. அம்மாவுக்கு முட்டி வலி, அடுத்த புதன் சாம்பல் புதன், கோயிலில் முழங்கால் போடாமல் பெஞ்சில் உட்கார்ந்துகொள் என்றால் கேட்கமாட்டாள். எனக்குக் கண்ணில் புரை இருக்கிறது என்கிறார்கள், கோடை கழியட்டும் என்றிருக்கிறேன். களைப்பாக இருக்கிறது, அது வியாதி இல்லை.

இனி உறுதியாகாதவை. இந்தக் கவரை இன்று பகல் பன்னிரண்டுக்குள் அம்பத்தூர் தபாலாபீஸில் ரிஜிஸ்டர் செய்கிறேன். கொழும்பு போய்ச் சேர ஐந்து நாளோ ஆறு நாளோ ஆகும் என்கிறார் போஸ்ட்மாஸ்டர். அங்கிருந்து உங்கள் தீவுக்குத் தபாலும் உங்கள் விமானத்தில்தான் வர வேண்டும், வாரத்துக்கு இரண்டே நடை. 16-ம் தேதி புதன்கிழமை நடையைப் பிடிக்குமா என்பது சந்தேகம், 20-ம் தேதி ஞாயிறு நடைதான் நம்பிக்கை. அதை விட்டால் விசாரணைக்கு முன் வேறு நடை இல்லை. ஞாயிற்றுக்கிழமை விமானம் உண்டா என்று பேக்ஸில் கேட்டிருக்கிறோம், பதில் இல்லை. நீ மாட்டிய பம்பேதான் இன்னும் அதில் ஓடுகிறது என்றாய், அது இன்னும் ஒன்பது நாள் ஓட வேண்டும்.

செவ்வாய் 22-ம் தேதி மாலை ஆறிலிருந்து எட்டுவரை சுலைமான் லைனை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டான். எவன் வந்தாலும் மிஷின் ரிப்பேர்னு சொல்லிட்றேன் சாரே என்றிருக்கிறான். நானும் அம்மாவும் அங்கே இருப்போம். முடிவு எதுவானாலும் போன் செய், முடிவே வராவிட்டாலும் வரவில்லை என்று சொல்லப் போன் செய். ரிசீவரை நான் எடுக்கமாட்டேன், அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். எல்லாவற்றையும் அவளிடமே சொல், ஒன்றையும் விடாமல்.

கொதித்து ஆறிய தண்ணீரையே குடி. ஆரோக்கிய மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

உன் அப்பா
ம. ராயப்பன்