இரண்டு இடது கை

தம்பி,

உன் சட்டையைத் தைத்துவிட்டேன். சிரிக்காதே, இரண்டு கையும் இடது கை!

நான்கு மாதமாகத் தையல் மெஷினைத் தொடவே இல்லை. விடிந்தாலே, இன்னொரு நாளா என்றிருக்கும். உன் அத்தான் சோம்பல் என்றார். டாக்டர் மனச்சோர்வு என்றார். நீ மட்டும் துணியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "அவசரமில்லக்கா, எப்ப முடியுதோ அப்பத் தைச்சுக் குடு" என்று சொல்லிப் போனாய்.

இன்று அந்தக் கையைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளாகக் கோபம்கூட வந்ததில்லையே! சத்தம் கேட்டு ஓடிவந்த அத்தான், "இதப் போட்டா உன் தம்பி வட்டமாத்தான் நடப்பான்" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

வலது கையை நாளைக்குத் தைக்கிறேன். பார்த்தாயா, நானே 'நாளைக்கு' என்று எழுதியிருக்கிறேன்!

ஊசியும் கையுமாக,
உன் அக்கா