கடலைப் பார்த்து நிறுத்திய கார்கள்

29 ஏப்ரல் 2025, செவ்வாய். கிளென் வேவர்லி, மெல்பேர்ண்

குப்பைத் தொட்டியை வெளியில் வைத்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் இன்றைக்கும் தன் தொட்டியை எங்கள் வேலியோடு ஒட்டி வைத்திருக்கிறார். வந்த நாளிலிருந்து இதே வேலை. நானும் வந்த நாளிலிருந்து ஒன்றும் சொல்லாமல் அதை அரையடி தள்ளி வைக்கிறேன்.

லண்டனில் மழைநீர் வடிகால் மாநாடு. என்னையே அனுப்புகிறார்களாம். போக வேண்டியவன் கஜீவன். என்னிடம் வேலை பழகி இப்போது எனக்கு மேலே உட்கார்ந்திருப்பவன். அவன் மனைவிக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது, ஆகவே நான். இத்தனை வருடச் சேவைக்குப் பிறகு ஒரு குழந்தையின் தயவில் எனக்கு வெளிநாட்டுப் பயணம்.

மனைவி தர்சினியிடம் சொன்னேன். வெண்டிக்காய் வெட்டுவதை நிறுத்தாமல், "அப்ப அண்ணையையும் ஒருக்கா பாத்திட்டு வாங்கோ" என்றாள்.

"ஆற்ற அண்ணையை?"

"உங்கட அண்ணையைத்தான். சுவாசப்பை இறுகிக்கொண்டு போகுதாம் அவருக்கு. லண்டனை விட்டிட்டு வேர்திங் எண்ட கடற்கரை ஊரிலை இப்ப இருக்கினம். கன காலம் இராது எண்டு டொக்டர்மார் சொல்லிப்போட்டினமாம்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"கேள்விப்பட்டன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வெண்டிக்காய் தீர்ந்த பிறகும் கத்தி பலகையில் தட்டிக்கொண்டிருந்தது.

2 மே, வெள்ளி

அண்ணையோடு பேசாத காரணத்தை ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். எனக்கே பயன்படும்.

ஆறு வருடத்துக்கு முன், லண்டனில் அண்ணையோடு இருந்தபோது அம்மா போனா. மரண அறிவித்தலை இணையத்தில் போட்டவர் அண்ணை சிறிதரன். சிங்கப்பூர் விமான நிலையத்தில் இருந்து வாசித்தேன். மீனாம்பாள் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, சிறிதரன், இளங்கீரன் ஆகியோரின் தாயார், எங்கள் மகள் வினுஷாவின் அப்பம்மா. தர்சினியின் பெயர் இல்லை. மேலும் கீழும் தேடினேன், இல்லை. ஒரே தடவைதான் வாசித்தேன். இரண்டாம் தடவை தேவைப்படவில்லை.

எங்கள் ஆட்களுக்கு அந்த அறிவித்தல் என்னவென்று எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். அதில் இல்லாதவர் குடும்பத்தில் இல்லாதவர். அம்மா மெல்பேர்ணில் எங்களோடு இருந்த காலம் முழுக்க அவவுக்குக் கால் கழுவிவிட்டதும் சீப்பால் தலை இழுத்துவிட்டதும் தர்சினி. அவள் என்னைக் கட்டும்போது ஏற்கெனவே ஒரு கல்யாணம் முறிந்தவள். அதைச் சொன்ன அன்று அண்ணை போனில் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யோசிச்சுத்தானே?" என்று கேட்டார். அந்த மௌனத்தைத்தான் அறிவித்தலில் போட்டார் என்று அதை வாசித்த அன்றைக்கே விளங்கியது.

லண்டனில் இறங்கினேன். அம்மாவுக்கு இளையவன்தானே கொள்ளி. வைத்தேன், மொட்டை அடித்தேன். அவரோடு ஒரு சொல் பேசாமல் விமானம் ஏறினேன்.

அவர் ஏன் எடுக்கேல்லை? ஒரு போன். ஒரே ஒரு போன்.

14 மே, புதன். லண்டன்

மாநாடு முடிந்தது. என் உரைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அடுத்த உரைக்கு இடம் பிடிக்க வந்தவர்கள்.

வெள்ளிக்கிழமை வேர்திங் போகிறேன். அந்தக் கரையில் கடலரிப்பைத் தடுக்க மரச்சுவர்கள் போட்டிருக்கிறார்கள். ஒரு பொறியியலாளர் பார்க்க வேண்டிய விஷயம். அதற்காகத்தான்.

16 மே, வெள்ளி. வேர்திங்

விக்டோரியா ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். எதிரில் இருந்த கிழவி ஊர் வருமுன்னரே தலைக்கு ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டா. ஏனென்று இறங்கியதும் தெரிந்தது. காற்று ஆளைத் திருப்பிப் பிடித்து ரயிலுக்குள் ஏற்றிவிடும்.

அண்ணையின் மனைவி ரஞ்சினி மச்சாள் வீட்டுக்கு வரச்சொல்லித் தகவல் போட்டிருந்தா. நம்பர் கொடுத்தது யாரென்று கேட்க வேண்டியதில்லை. விடுதி எடுத்துவிட்டேன் என்று பதில் போட்டேன். கடலுக்கு ஒரு தெரு பின்னால் ஒடுக்கமான வீடு, படி ஏற ஏறச் சத்தம் போடுகிறது. விடுதிக்கார அம்மா, காலைச் சாப்பாட்டுக்கு ஒன்பது தாண்டினால் முட்டை கிடையாது என்று மிக மரியாதையாக மிரட்டினா.

பின்னேரம் கடற்கரைக்குப் போனேன். மணல் இல்லை! முழுக்கக் கூழாங்கல். நடந்தால் கணுக்கால் திருகும், படுத்தால் முதுகு குத்தும். ஆனால் படுத்திருக்கிறார்கள். கோட்டுப் போட்டபடி சாய்வுக் கதிரையில் கிடந்து ஐஸ்கிறீம் சாப்பிடுகிறார்கள். ஒரு குடும்பம் காற்றுக்கு மறைப்பாகக் கோடுபோட்ட துணிவேலி அடித்து, அதற்குள் நடுங்கிக்கொண்டு சிரித்தது. இதைச் சந்தோஷம் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

கடலுக்குள் நீளமாக ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். பியர் என்று பெயர். கப்பல் எதுவும் கட்டியிருக்கவில்லை. ஆட்கள் அதன் நுனிவரை நடக்கிறார்கள், கொஞ்சம் நிற்கிறார்கள், திரும்பி நடக்கிறார்கள். நானும் போனேன். நுனியில் ஒன்றும் இல்லை. ஆனால் திரும்பிப் பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிகிறது. ஓ, அதற்குத்தானோ.

ஒரு கடற்பறவை ஒருவருடைய மீன்துண்டைக் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போனது. அவர் பறவையிடம் மன்னிப்புக் கேட்டார். சத்தியமாக.

17 மே, சனி

மரச்சுவர்களைப் பார்த்தேன். கரையிலிருந்து கடலுக்குள் இறங்கும் பழைய பலகைகள், பச்சைப் பாசி. ஒரு பக்கம் கல் தோளுயரத்துக்குக் குவிந்திருக்கிறது, மறுபக்கம் பள்ளம். அலை கல்லையெல்லாம் கிழக்கே தள்ளிக்கொண்டே போகிறது. சுவர் பிடித்து வைக்கப் பார்க்கிறது. இந்தக் கரையில் சில இடங்களில், போன கல்லை லொறியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து கொட்டுவார்களாம். பிறகு அது திரும்பவும் போகும். திரும்பவும் கொட்டுவார்கள். அலுக்காதா?

வீதியோரம் வரிசையாகக் கார்கள், எல்லாம் கடலைப் பார்த்தபடி. யாரையோ இறக்கிவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. உள்ளே ஆட்கள். கண்ணாடி ஏற்றியிருக்கிறது. பிளாஸ்க், சாண்ட்விச், பத்திரிகை. கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு தூரம் கடலுக்கு வந்து, கதவைத் திறந்து இறங்க மனமில்லாத சனத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. வெட்கமில்லாமல் ஒவ்வொரு காராக எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். போனேன், வந்தேன், திரும்பவும் போனேன்.

ஒரு காரின் முன்தட்டில் சின்னப் பிள்ளையார் இருந்தார்.

கண்ணாடி இறங்கியது. "ரெண்டு தரம் தாண்டிப் போட்டாய். மூண்டாம் தரம் கூப்பிடுவம் எண்டு இருந்தனான். ஏறு, காத்து உள்ளுக்கை வருது."

அண்ணை. பாதி ஆளாகிவிட்டார். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்துக்கு இடம் இருந்தது.

ஏறினேன். கதவைச் சாத்தினேன். காற்றுச் சத்தம் நின்றது. அவருடைய மூச்சுச் சத்தம் கேட்டது, சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல. பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். கொஞ்சம் தளம்பிக் கொட்டியது. இரண்டு பேரும் கடலைப் பார்த்தோம்.

ஆறு வருடத்துக்குப் பிறகு நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி: "இவங்கள் ஏன் காருக்குள்ளையே இருக்கிறாங்கள்?"

"நானும் வந்த புதுசிலை சிரிச்சனான். பிறகு இருந்து பாத்தன். சுகம்."

"என்ன சுகம்?"

"பக்கத்திலை இருக்கிறவன்ர முகத்தைப் பாக்கத் தேவையில்லை."

உண்மைதான். முகத்தைப் பார்த்திருந்தால் கேட்டிருக்கமாட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "வேணுமெண்டுதானே தர்சினியின்ர பேரை விட்டனீங்கள்?"

"எதிலை?"

"அம்மாவின்ர அறிவித்தலிலை."

அவர் கன நேரம் பேசவில்லை. அதே மௌனம் என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு விளங்கியது, மூச்சுச் சேர்க்கிறார்.

"தர்சினியின்ர பேர் மட்டுமோ? ரஞ்சினியின்ர பேரும் இல்லைத்தானே. மருமக்கள் எண்ட வரியே போகேல்லை. போனிலை நான் சொல்லச் சொல்ல ஒரு பெடியன் ரைப் பண்ணினவன். நான் அழுதுகொண்டு சொன்னனான், எந்த இடத்திலை விட்டனோ தெரியாது. ரஞ்சினி ஒரு மாசம் எனக்கு முகம் தரேல்லை. ஏன், நீ வாசிக்கேல்லையோ?"

"வாசிச்சனான்."

"பிறகு?"

"எனக்கு அவளின்ர பேர் இல்லாததுதான் தெரிஞ்சது."

ஒரு பறவை வந்து காரின் மூக்கில் இருந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. "ஒண்டும் இல்லையடா, போ" என்றார் அண்ணை. பறவையிடம்தான்.

விடுதிக்கு வந்துவிட்டேன். போனில் அந்த அறிவித்தலை இப்பவும் தேடிப் பார்க்கலாம். பார்க்கவில்லை. அவர் சொன்னது சரியாக இருந்துவிட்டால்?

சரியாகவே இருக்கட்டும். இரண்டு மருமக்களையும் விட்டது ஒருவரை விட்டதைவிடப் பெரிய பிழை இல்லையா?

18 மே, ஞாயிறு

மதியம் அண்ணை வீட்டில் சாப்பாடு. மீன்குழம்பு, புட்டு, கீரை. என் தட்டுக்குக் கத்தரிக்காய் வரவில்லை, தேத்தண்ணிக்குச் சீனி வரவில்லை. கத்தரிக்காய் எனக்குச் சொறியத் தொடங்கி நாலு வருடம்தான் ஆகிறது. மச்சாளுக்கு எப்படித் தெரியும்?

கேட்டுவிட்டேன்.

"தர்சினி சொன்னவ." மச்சாள் சிரித்தா. "ஒளிச்சு என்ன, நாங்கள் ரெண்டு பேரும் அறிவித்தல் வந்த கிழமையே போனிலை கதைச்சிட்டம். மாமிக்கு ஊத்தி, துடைச்சு, பவுடர் போட்டுவிட்ட ரெண்டு பேரையும் இந்த மனுசன் துப்பரவா விட்டிட்டுதே எண்டு சிரிச்சுத்தான் தொடங்கினது. இப்ப ஞாயிறு தவறாமல் கதைக்கிறம்."

ஞாயிறு பின்னேரம். நான் புல்லு வெட்டும் நேரம். அந்த மெஷின் சத்தத்தில் என் வீட்டுக்குள் என்ன நடந்தாலும் எனக்குக் கேட்காது.

கடற்கரைக்கு வந்து, அங்கே நடுராத்திரி என்றும் பாராமல், தர்சினிக்குப் போன் எடுத்தேன். காற்றில் கத்தவேண்டி இருந்தது. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எனக்காகக் கோவிச்சுக்கொண்டு திரிஞ்சியள். எனக்காக ஆர் முந்தி அப்பிடிக் கோவிச்சவை? தொடக்கத்திலை சந்தோசமாத்தான் இருந்தது. பிறகு... எப்பிடி நிப்பாட்டச் சொல்லுறது எண்டு தெரியேல்லை."

"ஆறு வருசமோ?"

"நீங்கள் கேக்கேல்லைத்தானே, எனக்குக் கோவமோ எண்டு."

ஓம். நான் கேக்கேல்லை.

ஆனாலும் எனக்கு எரிச்சல். இப்போது யார் மீது என்று சொல்லத் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சல். வரிசையாக நிற்கும் கடற்கரைக் குடில்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு கட்டில் கூடப் போட முடியாத பலகைப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் பெயர், பூட்டு. ஒரு கிழவன் தன் பெட்டி வாசலில் கேத்தில் வைத்து, மழையைப் பார்த்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "நல்ல நாள்" என்றார் என்னிடம். மழை கொட்டுகிறது! நின்று யோசித்துவிட்டு, "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார்.

19 மே, திங்கள்

ரயிலுக்கு முன் திரும்பவும் காருக்குள் இருந்தோம். கடல் கன தூரம் பின்வாங்கி இருந்தது. கல்லுக்குக் கீழே மணல் இருக்கிறது! நாளுக்கு இரண்டு தரம் காட்டிவிட்டு மூடிவிடுமாம்.

"கடல் காத்துச் சுவாசப்பைக்கு நல்லதெண்டு இங்கை வந்தியளோ?" என்று கேட்டேன். "ஒரு விஞ்ஞான ஆதாரமும் இல்லை."

"தெரியும். முந்தி வெள்ளைக்காரர் காசநோய் வருத்தக்காரரை இப்பிடித்தான் கடற்கரைக்கு அனுப்பினவை. வருத்தம் மாறினதோ தெரியாது. ஆனா நல்ல இடத்திலை இருந்து இருமினவை." சிரித்தார், சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கும்வரை நான் கடலைப் பார்த்தேன்.

பிறகு சொன்னார்: "தம்பி, என்ர அறிவித்தலை நீதான் எழுதோணும்."

"விசர்க் கதை கதையாதேங்கோ."

"விசரில்லை. எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. ரஞ்சினி அண்டைக்கு எழுதுற நிலையிலை இருக்கமாட்டா. வேறை ஆரும் எழுதினா ஆரையாவது விட்டிடுவினம், பிறகு ஆறு வருசம் கோவம். எங்கட வீட்டிலை பிழை பிடிக்கிற ஆள் நீதானே."

பிளாஸ்கை அவர் கையிலிருந்து வாங்கி நான் ஊற்றினேன். கொட்டவில்லை.

ஸ்டேஷனில் அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "போட்டு வா" என்றார்.

"வாறன் அண்ணை."

25 மே, ஞாயிறு. கிளென் வேவர்லி

புல்லு வெட்டவில்லை. வீட்டுக்குள் இருந்தேன். தர்சினி ஸ்பீக்கரில் போட்டாள். மச்சாள் பேசி முடித்த பிறகும் எனக்கு முறை வரவில்லை. இவ்வளவு கதை எங்கிருந்து வருகிறது?

28 மே, புதன்

பக்கத்து வீட்டுக்காரருக்குத் தோள்மூட்டில் சத்திரசிகிச்சையாம். குப்பைத் தொட்டியை எங்கள் வேலியோரத்துக்கு மேல் இழுக்க முடியாதாம். நான் கேட்டேன், சொன்னார். எப்போதிருந்து என்று கேட்கவில்லை.

28 யூன், சனி

அண்ணையின் அறிவித்தலை எழுதி முடித்துவிட்டேன். இரண்டு பக்கத்து ஆட்களின் பெயர், பட்டம், ஊர் எல்லாம் சரி. தர்சினி வாசித்துப் பார்த்தாள். கொழும்பில் இருக்கும் சின்னமாமியின் மருமகனை விட்டிருந்தேன். நான்! சேர்த்தாயிற்று. திகதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது.

12 யூலை, சனி

மெல்பேர்ணின் சாண்ட்ரிங்கம் கடற்கரை. ஐந்து மணி, குளிர், சூரியன் தண்ணீருக்குக் கிட்ட வந்துவிட்டது. காரைக் கடலைப் பார்த்து நிறுத்தினேன். தர்சினி பிளாஸ்கைத் திறந்தாள். பக்கத்துக் காரிலிருந்து இறங்கிய சீனக் கிழவர், இறங்காமல் என்ன செய்கிறார்கள் என்று எங்களை எட்டிப் பார்த்தார்.

அண்ணையை வீடியோவில் எடுத்து, போனை முன்தட்டில் கடலைப் பார்க்க வைத்தேன். அண்ணையும் அப்படித்தான் வைத்திருந்தார். அங்கே காலை. அவருடைய சாம்பல் கடல் எங்களுக்குத் தெரிந்தது, எங்களுடைய சிவப்புக் கடல் அவருக்கு.

"என்னடா உங்கட கடல், குளம் மாதிரிக் கிடக்கு. அலை எங்கை?"

"இது குடா அண்ணை. அலை வராது."

"அப்ப கல்லு ஒரு இடமும் போகாது."

"போகும். மெல்ல, ஆறுதலாப் போகும்."

மூச்சுச் சேர்த்தார். இப்போது முன்னையைவிட அதிக நேரம் எடுக்கிறது. பிறகு கேட்டார்: "எழுதிட்டியோ?"

"இல்லை. மச்சாளின்ர பக்கத்து ஆக்களின்ர பேர் இன்னும் சரிவரேல்லை. ஆரை முதல் போடுறதெண்டும் யோசிக்கோணும்."

"அது முடியுமட்டும் நான் இருக்கோணும் போலை கிடக்கு."

"ஓம். இருக்கத்தான் வேணும்."

தர்சினி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.