பிஷப் கிம்பரிடம் கேட்ட கேள்வி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? சியாட்டிலில் நான் நலம்.

சனிக்கிழமை இங்கே நடந்த மார்மன் கிறிஸ்தவச் சிந்தனை, பண்பாட்டு மாநாட்டுக்குப் போனேன். அப்பா சபையை விட்டுப் போனதற்காக உன்னைப் பாடகர் குழுவிலிருந்து நீக்கிய பிஷப் கிம்பர்தான் பேச்சாளர். தலைப்பு, அரவணைப்பு. கேள்வி நேரம் வந்ததும் எழுந்து, உன் பெயரைச் சொல்லியே கேட்டேன்.

"கொலீனைப் பாடவிடாம அழ வச்சீங்களே, அதுவும் அரவணைப்பா?"

"நீ யாரும்மா?"

"அவங்க பொண்ணு."

சொல்லிவிட்டு வெளியே நடந்தேன்.

அவர் வாசல் வரை பின்னாலேயே வந்து, "மன்னிச்சிடும்மா" என்றார்.

"என்கிட்ட எதுக்கு? ஐடஹோவுக்குப் போய் அவங்ககிட்ட கேளுங்க" என்றேன்.

ஆப்ரிகாட் ஜாம் அனுப்பு. வெறும் ரொட்டி தொண்டையில் இறங்குவதில்லை.

நான் காத்திருந்த பஸ் வந்துவிட்டது. கிம்பர் வரும் ஞாயிறன்று நம் வீட்டுக்கு வருவதாக என்னிடம் சொன்னார். உடனே கதவைத் திறக்காதே அம்மா, பனியில் கொஞ்சம் நிற்கட்டும்.

உன்
மரேன்