வெட்டி எடுத்த பதினாறு நிமிடம்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்களும் உங்கள் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம் என்று எழுத மனம் வரவில்லை, அந்த வரியை விட்டுவிடுகிறேன். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன். நீங்களும் "அழாதீங்கக்கா" என்று சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள், சொல்ல வந்தது நின்றுபோகும். நம் போன் குழுவில் எழுதினால் முன்னூறு பேரும் கைகூப்பும் படம் அனுப்புவார்கள். என் கோபத்துக்கு அது பதில் ஆகாது. அதனால்தான் கடிதம்.

என் வீட்டுக்காரர் போய் ஆறு வாரம் ஆகிறது. அன்று முதல் நீங்கள் எல்லாரும் செய்ததை நான் மறக்கவில்லை. திக்கிப் பேசுகிறவர்களுக்கென்று ஒரு குழு, அதில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. அப்படி இருந்தும் எல்லாரும் குழுவில் தங்கள் முகப்படத்தை எடுத்துவிட்டு, அவர் வேலை பார்த்த லாரி எடைமேடையில் நிற்கிற படத்தை வைத்தீர்கள். மூன்று நாள் வேறு பேச்சே இல்லை. கடல் தாண்டி இருக்கிற லிஃப்ட் மெக்கானிக் பதினொரு நிமிடம் குரல் அனுப்பினார். அதில் நாலே வாக்கியம். நான் முழுவதும் கேட்டேன். என் கூடப்பிறந்த அண்ணன் வந்து பத்து நிமிடம் உட்கார்ந்து, அதில் ஏழு நிமிடம் போன் பார்த்துவிட்டுப் போனான். ஆகவே நன்றி எனக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டுத்தான் திட்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அஞ்சலி என்று ஓர் ஒலிப்பதிவு போட்டீர்களே, அதைப் பற்றி.

ஏழு நிமிடம். பின்னால் வயலின். அதற்கு மேல் அவர் குரல், எங்கும் நிற்காமல், தடுக்காமல், செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஓடுகிறது. குரல் அவருடையதுதான். பேசுகிறவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவள் நான். ஒரு நாள், ஒரு வாக்கியம்கூட அவர் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. என்னை முதலில் பார்த்த அன்று தன் பெயரைச் சொல்ல அரை நிமிடம் எடுத்துக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேனா என்று என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை. என்னைத்தான் கட்டுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

அவர் குழுவில் சொன்ன அந்த லாரி டிரைவர் கதையை எடுத்துக்கொள்வோம். லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும், இவர் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே இருந்து எடையை மைக்கில் சொல்ல வேண்டும். இருபதில் ஆரம்பிக்கிற எந்த எண் வந்தாலும் "இ"யிலேயே நின்றுவிடுவார். மேனேஜர் விளக்கு எரிகிற பலகை ஒன்று வாங்கி மாட்டி, "நீங்க பட்டனை மட்டும் அமுக்குங்க, பேசவே வேண்டாம்" என்றார், ஏதோ உபகாரம் செய்கிற மாதிரி. இவர் பலகையையும் அமுக்கினார், மைக்கையும் விடவில்லை. ஒரு டிரைவர் பொறுமை இல்லாமல் ஹாரன் அடித்தபோது மைக்கிலேயே சொன்னார்: "நல்லா அடிங்க. நான் நம்பரைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் வண்டி என் மேடையிலதான் நிக்கணும்." இதைச் சொல்ல அவருக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. அந்த ஒன்றரை நிமிடமும் லாரி நின்றது. அதுதான் கதை, தம்பி! உங்கள் ஒலிப்பதிவில் நாலு விநாடியில் சொல்லி முடிக்கிறார். நாலு விநாடிக்கு எந்த டிரைவர் ஹாரன் அடிப்பான்? ஒரு வாரம் குழு முழுக்கச் சிரித்த கதையில் சிரிப்பே இல்லாமல் செய்துவிட்டீர்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவரும் இன்னும் ஐந்து பேரும் இந்தக் குழுவை ஆரம்பித்தபோது இரண்டே விதிதான் வைத்தார்கள். ஒருவர் திணறும்போது அவர் சொல்லை இன்னொருவர் முடித்து வைக்கக் கூடாது. குரலைப் பதிந்தால் முதல் தடவை பதிந்ததையே அனுப்ப வேண்டும், அழித்து அழித்துச் சரிசெய்யக் கூடாது. இன்று குழுவை நடத்துகிறவர் நீங்கள், உங்களுக்கே நான் விதி சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் சேர்ந்த அன்று அனுப்பிய முதல் குரல் நாலு விநாடி. "வ" என்று ஆரம்பித்து நின்றுவிட்டது. யாரோ ஒருவர் "வணக்கம்தானே?" என்று எழுதினார். இவருக்கு வந்ததே கோபம். "அவர் சொல்லுவார். நமக்கென்ன அவசரம், பஸ்ஸா போயிடும்?" என்றார். மறுநாள் உங்கள் வணக்கம் முழுசாக வந்து சேர்ந்தது. அடுப்பில் வைத்ததை இறக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். அப்படிப்பட்டவர் பேச்சை வெட்டித் திருத்துவதுதான் அவருக்குச் செய்கிற மரியாதையா?

அந்தப் பதிவுக்குக் கீழே ஒருவர், "இப்போதாவது எங்கள் அண்ணன் தடையில்லாமல் பேசுகிறார்" என்று எழுதியிருக்கிறார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அதற்கு இதயம் போட்டிருக்கிறார்கள். நானே எண்ணினேன். இப்போதாவது என்றால் என்ன அர்த்தம்? இவ்வளவு நாள் குறையோடு இருந்தார், செத்துச் சரியானார் என்றா? ஊரில் அப்படிப் பேசுகிறவர்களிடமிருந்து தப்பிக்கத்தானே இந்தக் குழுவுக்கே வந்தீர்கள்?

இதெல்லாம் எனக்காக மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். எங்கள் மகளை உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வயது, ஐந்து வயதிலிருந்து அப்பாவைப் போலவே பேசுகிறவள். என் போனில் அதைக் கேட்டாள். வயலின் முடிந்ததும், "அப்பாவுக்குச் சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். மறுநாள் டீச்சருக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்று போனை வாங்கிக்கொண்டாள். பதிந்தாள், அழித்தாள், பதிந்தாள், அழித்தாள். துணி மடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு தடவை. கடைசியில் எழுத்தில் அனுப்பினாள். அன்றிலிருந்து வீட்டில் தலையாட்டல்தான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறாளாம். அப்பா இருந்தவரை அவள் வாய் ஓயாது, அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

அவருடைய போன் ஆபீஸ் போன். திருப்பி வாங்கியவர்கள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். குழுவில் குரல்கள் ஒரு மாதத்தில் தானாக மறைந்துவிடும் என்பதும் தெரியும். சேர்த்து வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அந்த அஞ்சலியை எடுத்துவிடுங்கள். அவர் பேசியதை, பேசியபடியே, எங்களுக்கு அனுப்புங்கள். என் மகள் அவள் அப்பாவைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
எடைமேடைக்காரர் வீட்டு அக்கா


அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதமும் பதிவும் பதினொரு நாள் கழித்துக் கிடைத்தன. எழுத்து வரிக்கு வரி கோணியிருந்தது. காய்ச்சல் ஏதும் இல்லையே?

மூலப் பதிவுகள் இல்லை, அவற்றின் மேலேயே வெட்டி மேலேயே சேமித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டேன். மருந்துச் சீட்டில் இருக்கிறதைப் படித்து எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. அன்று ஒவ்வொரு சீட்டையும் மூன்று தடவை படித்தேன். சாயங்காலம் வந்துதான் மீதியைப் படித்தேன். விளம்பரக் குரல்களைச் சுத்தம் செய்கிற ஸ்டூடியோ பழக்கத்தில், வெட்டியதை மட்டும் வரிசை மாறாமல் தனியாகப் போட்டு வைத்தீர்களாம், பதினாறு நிமிடம். அந்தப் பழக்கத்துக்குக் கோடி புண்ணியம். ஆனால் அதற்கு நீங்கள் வைத்த பெயர் "கழிவு". அடுத்த முறை வேறு பெயர் வையுங்கள்.

"அண்ணன் இப்படிப் பேசணும்னு எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார்க்கா, என்னால அதைத்தானே கொடுக்க முடிஞ்சது" என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, அந்த ஆசை உங்களுடையது. ஆசைப்படுவதில் தப்பில்லை. காலை முதல் மாலை வரை மற்றவர்களின் மூச்சையும் தடுக்கலையும் வழித்து எறிகிற வேலையில் இருந்துகொண்டு, வீட்டுக்கு வந்து உங்கள் சொந்தக் குரலைக் கேட்டால் வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைக் கொண்டுபோய் அவர் வாயில் வைத்தீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. குழுவில் ஓட்டெடுத்தோம், பெரும்பாலோர் அப்படியே இருக்கட்டும் என்கிறார்கள் என்று வேறு சொல்கிறீர்கள். என் புருஷன் எப்படிப் பேசினார் என்பதற்கு ஓட்டெடுப்பா? நல்ல வேடிக்கை!

அந்தப் பதினாறு நிமிடத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் போட்டேன். கடைசித் துண்டைத் தவிர, அவர் சொன்ன சொல் ஒன்றுகூட இல்லை. மூச்சு, "ம்ம்ம்" என்று முட்டுவது, நாக்கு மேலண்ணத்தில் தட்டுவது, நடுவில் லாரி பின்னால் வருகிற சத்தம், ஓரிடத்தில் "டீ ஆறிப்போச்சு" என்று என் குரல். நான் அழுதேன். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நோட்டை எடுத்து வந்தாள். "இது மூட்டைன்னு சொல்ல வர்றார். இது மேனேஜர். இது இருபத்தி மூணு, இருபத்தி ரெண்டு இல்ல." நிறுத்தி நிறுத்தி, தானும் திக்கித் திக்கி, ஒவ்வொன்றும் எந்தச் சொல்லின் முன்னால் நின்றது என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். பிறகு உங்கள் ஏழு நிமிடத்தைப் போட்டுச் சரிபார்த்தாள். நூற்று நாற்பத்து மூன்று துண்டு. நூற்று நாற்பத்து இரண்டும் சரி. பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து, வெட்டியதை எல்லாம் வெட்டிய இடத்திலேயே திரும்ப ஒட்டுங்கள். வயலின் வேண்டாம்.

மீதி ஒன்று, கடைசித் துண்டு. போவதற்கு முதல் நாள் மத்தியானம் பதிந்தது. "என் பொண்ணு இன்னைக்கு" வரைக்கும் தெளிவாக இருந்தது, பிறகு நாற்பது விநாடி முட்டிக்கொண்டே இருந்தார், லாரி ஹாரன் கேட்டது, பதிவு நின்றுவிட்டது, சொல் எதுவும் வராததால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக எப்போதோ சொன்ன "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்பதைக் கொண்டுவந்து கடைசியில் ஒட்டியிருக்கிறீர்கள். அவர் யாரிடமும் விடைபெறவில்லை. விடைபெறாமல்தான் போனார். அதை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை. அங்கே சொல் இல்லை என்று யார் சொன்னது? சொல் இருந்தது. வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

அவளிடம் கேட்டேன், அது என்ன சொல் என்று. "எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்" என்றாள். ஏன் என்றதற்கு, "அப்பா சொல்லிட்டிருக்கார்ல" என்றாள். எனக்கும் ஓரளவு தெரியும். அன்று காலை அவள் வகுப்பில் எழுந்து நின்று ஒரு பக்கம் வாசித்தாள், பள்ளிக்கூடத்திலிருந்தே அவருக்குப் போன் போட்டுச் சொன்னாள். ஆனாலும் நானும் மேற்கொண்டு கேட்காமல் விட்டுவிட்டேன். அந்த நாற்பது விநாடியும் முழுசாக இருக்கட்டும். அதோடு பதிவு முடியட்டும்.

இன்னொரு செய்தி. வருகிற ஞாயிற்றுக்கிழமை குழு போனில் நடத்துகிற கூட்டத்தில் தான் பேச வேண்டும் என்கிறாள். என்ன பேசப்போகிறாள், எவ்வளவு நேரம் ஆகும், எனக்குத் தெரியாது. பாதியில் எழுந்து ஓடினாலும் ஓடுவாள். இந்த ஏழெட்டு வாரத்தில் நீங்கள் குழுவில் வாயைத் திறக்கவே இல்லை, எல்லாம் எழுத்துதான் என்று லிஃப்ட் மெக்கானிக் சொன்னார். உங்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, தீர்ந்த மாதிரி நடிக்கவும் போவதில்லை. ஆனால் நீங்கள் இல்லாமல் அவள் பேசினால் அவருக்குப் பிடிக்காது. நீங்கள் வாருங்கள். முதலில் நீங்கள் பேசுங்கள், என்ன செய்தீர்கள் என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நாங்கள் இருக்கிறோம்.

வாயாரப் பேசி நீண்ட நாள் நன்றாக இருங்கள், தம்பி. அவள் பேசி முடிக்கும் வரை போனை வைத்துவிடாதீர்கள்.

என்றும் உங்கள் நலம் வேண்டும்,
அக்கா