காற்றுக்கு ஆள்

விழுப்புரம்
8-2-1943

அன்புள்ள சவுரியம்மாளுக்கு,

நான் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். தோள்பட்டை இரண்டும் அதற்குச் சம்மதிக்கவில்லை. பட்டணத்துத் துறைமுகத்தில் பன்னிரண்டு வருஷம் நீருக்கடியில் வேலை செய்யும் டைவர்களுக்குக் காற்றுப் பம்புச் சக்கரம் சுற்றியதன் பலன். உன் தம்பி சின்னக்கண்ணு நன்றாக இருக்கிறான். தன் தட்டைக் காலி செய்துவிட்டு என் தட்டைப் பார்க்கிறான்.

ஜப்பான்காரர்கள் குண்டு போடுவார்கள் என்று பட்டணமே காலியானபோது நாங்கள் வேலையை விட்டு வந்து பத்து மாதமாகிவிட்டது. இனி யாரிடமும் போய் நிற்காமல் சொந்தமாகத் தொழில் செய்யலாம் என்று இருக்கிறோம். செம்புத் தொப்பி கையில் இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு சின்னக்கண்ணு தண்ணீருக்குள் இறங்குவான், நான் மேலேயிருந்து காற்று அனுப்புவேன். விக்கிரவாண்டிப் பண்ணைக்காரர் முத்துசாமி, கிணற்றுக்குள் இருக்கும் என்ஜின் குழாய்களைக் கழற்றி மாட்ட வரச் சொல்லியிருக்கிறார். ஊற்றுக் கிணறு, இறைத்து வற்றவைக்க முடியாது. மூச்சடக்கி முங்குகிறவன் ஒரு நிமிஷத்தில் என்ன செய்துவிடுவான்? இது அரை மணி நேரம் அடியில் நின்று பார்க்கிற வேலை.

காற்றை எதிலிருந்து எடுப்பது என்பதில்தான் குழப்பம். புதுச்சேரியில் ஒரு கைப் பம்பு விலைக்கு இருக்கிறது. போய்ப் பார்த்தேன். பழசுதான், ஆனால் தோல் வாஷர் நன்றாக இருக்கிறது, ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்ததில் வெடிப்பு இல்லை. அந்தக் கிணற்றின் ஐந்து ஆள் ஆழத்துக்குச் சுற்ற இருவர், மாற்ற இருவர் வேண்டும். அந்த நாலு பேருக்கு நான் எங்கே போவேன்? கையில் பலம் உள்ளவனெல்லாம் உளுந்தூர்பேட்டையில் விமானத் தளத்துக்கு மண் சுமக்கிறான்.

இன்னொன்று, இங்கே பஸ் ஷெட் மெக்கானிக் கோதண்டபாணி சொல்வது. பெட்ரோல் கிடைக்காமல் இப்போது டிரம்மில் கரி எரித்து அந்த வாயுவில் பஸ் ஓடுகிறதே, அந்த என்ஜினில் பெல்ட் போட்டு டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரைச் சுற்றவிடலாம் என்கிறான். “இன்னா அந்தோணி, நாலு ஆளுக்குச் சோறு போட்டுக்கினு இருப்பியா? என் மோட்டாரு சோறு கேக்காது, கரிதான் தின்னும்” என்று சிரிக்கிறான். விலையில் பெரிய வித்தியாசமில்லை. உன் அபிப்பிராயம் எழுது. கேட்காமல் செய்தால் அதற்கும் ஏசுவாய்.

உன்
அந்தோணிசாமி


திண்டிவனம்
13-2-1943

என் வீட்டுக்காரருக்கு சவுரியம்மாள் வணக்கத்துடன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. தோள்பட்டைக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொல்லிப் போன மாதமே எழுதினேன். தேய்த்திருக்க மாட்டீர்கள். எனக்கும் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை ஓய்வில்லாமல் இருக்கிறது. ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் காலைச் சோறு ஆக்க எழுந்து நிற்க முடிவதில்லை. ஒரே ஜில்லாவில் இருந்துகொண்டு நாம் மாதத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொள்கிறோம். இதற்குப் பேர் குடித்தனமாம்.

அபிப்பிராயம் கேட்டீர்கள். எனக்கு மெஷின் தெரியாது. ஆனால் கைப் பம்பை வாங்குங்கள். ஆள் சுற்றினால், கீழே ஒருத்தன் இருக்கிறான் என்பது அந்த ஆளுக்குத் தெரியும். கைக்கு வித்தியாசம் பட்டால் உடனே பதறுவான். மோட்டாருக்குக் கீழே என் தம்பி இருந்தால் என்ன, கல் கிடந்தால் என்ன?

அம்மா சாகும்போது அவன் கையை என் கையில் பிடித்துக் கொடுத்தாள். நான் அவனை உங்களிடம் கொடுத்திருக்கிறேன். வேறென்ன எழுத?

தங்கள் அன்புள்ள
சவுரியம்மாள்


விழுப்புரம்
1-3-1943

அன்புள்ள சவுரியம்மாளுக்கு,

நீ கோபப்படுவாய். மோட்டாரே முடிவாகிவிட்டது. இரண்டு வாரம் ஆள் தேடி அலைந்தேன். மண்டகப்பட்டு வரை நடந்தேன். ஒருவன் வருகிறேன் என்பான், மறுநாள் உளுந்தூர்பேட்டை லாரியில் நிற்பான். கடைசியில் எனக்கு அலுத்துவிட்டது.

சும்மா கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. காற்று உறிஞ்சும் குழாயைக் கரி டிரம்முக்கு எதிர்ப்பக்கம் உயரத் தூக்கிக் கட்டச் சொன்னேன். மோட்டார் நின்றாலும் உள்ளே இருக்கும் காற்று திரும்பி ஓடாமல் தொப்பியில் வால்வு இருக்கிறது, அதை நானே கழற்றிச் சுத்தம் செய்தேன். ரப்பர் குழாய் மட்டும் கொஞ்சம் நீளம் போதாது. அதனால் பஸ்ஸைக் கிணற்றை ஒட்டியே நிறுத்த வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை விக்கிரவாண்டியில் முதல் தரம் இறங்கினான். காற்று குபுகுபு என்று போயிற்று. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தது அன்றுதான். சொன்னால் சிரிப்பாய், சந்தோஷத்தில் எனக்குத் தூக்கம் வந்தது.

மேலே வந்தவன், “தல கிர்ருனு சுத்துது மாமா, வேற ஒண்ணும் இல்ல” என்றான். வெறும் வயிற்றில் இறங்கியிருக்கிறான். கேப்பைக் கூழும் சோடாவும் வாங்கிக் கொடுத்தேன், தெளிந்துவிட்டான். பாதிக் குழாய் மாட்டியாகிவிட்டது. வருகிற சனிக்கிழமை அவனை உன்னிடம் அனுப்புகிறேன். நீயே பார்த்துக்கொள்.

உன்
அந்தோணிசாமி


திண்டிவனம்
9-3-1943

என் வீட்டுக்காரருக்கு,

அவசரமாக எழுதுகிறேன். தம்பி நேற்று ராத்திரி பஸ்ஸில் அங்கே திரும்பிவிட்டான். அவன் கிளம்பும் முன்னால் எழுத வேண்டியதை அவன் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட எழுந்திருக்கவில்லை. இரண்டு தரம் வாந்தி. வெள்ளிக்கிழமையும் இறங்கினானாமே, நீங்கள் எழுதவில்லை. முகம் சிவந்து கிடந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம், “இன்னா சின்னக்கண்ணு, மாமன் ஊட்டுச் சோறு நல்லா ஒத்துக்கினு கீதே” என்று கேலி செய்துவிட்டுப் போனார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்று காலை கோவிந்தம்மாள் என்று ஒரு பிள்ளை பெற்றவளைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். குளிர்கிறதென்று அறையை மூடிக் கரிக் கணப்பு வைத்திருக்கிறார்கள். அதே தலைச்சுற்றல், அதே வாந்தி, அதே சிவந்த முகம். டாக்டரம்மா பார்த்த உடனே சொன்னார்கள், கரி எரிகிற இடத்தில் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத ஒரு விஷக் காற்று உண்டாம். அது ரத்தத்தில் ஏறினால் முகம் சிவக்குமாம். கூட ஏறினால் ஆள் எழுந்திருக்கமாட்டானாம். நான் உங்கள் மோட்டாரைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

காலில் விழுந்து கேட்கிறேன். அந்த மோட்டாரோடு அவனை இனி ஒரு தரம்கூட இறக்காதீர்கள். முத்துசாமி ஏசினால் ஏசட்டும். கடிதம் கண்டதும் நிறுத்துங்கள்.

சவுரியம்மாள்


விழுப்புரம்
2-4-1943

அன்புள்ள சவுரியம்மாளுக்கு,

சின்னக்கண்ணு இப்போது எழுந்து நடக்கிறான் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். கை நடுக்கம் குறைந்ததா? பேர்கள் ஞாபகம் வருகிறதா? உன் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்த பிறகு என்னைப் பார்த்து, “நீங்க யாரு, கோதண்டபாணியா?” என்று கேட்டானே, அது காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

உன் கண்ணெதிரே நிற்க முடியாமல்தான் இங்கே ஓடிவந்தேன். ஆனால் காரணம் நீ நினைப்பது அல்ல. இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய், கடிதம் போய்ச் சேருவதற்குள் அப்படி நடந்துவிட்டது என்று. தபால்காரர் முருகையன் தாமதம் செய்துவிட்டார் என்று தபாலாபீசுக்கு மனு எழுதப் போகிறாய் என்றும் கேள்விப்பட்டேன். எழுதாதே. முருகையன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்று வியாழக்கிழமை காலை, நாங்கள் விக்கிரவாண்டிக்குக் கிளம்பும் முன்பே கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டார். நின்ற இடத்திலேயே படித்தேன். முழுதும் படித்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

ஏன் என்று கேட்பாய். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கடைசிக் குழாய் ஒன்றுதான் பாக்கி, அரை மணி வேலை என்று நினைத்தேன். முத்துசாமியின் கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. இதெல்லாம் சொல்லலாம். உண்மை என்னவென்றால், அன்று எனக்கு அவ்வளவு அலுப்பு. நிறுத்தினால் மறுபடியும் நாலு ஆளைத் தேடி நடக்க வேண்டும், மறுபடியும் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும். அதை நினைத்தபோதே உடம்பு மாட்டேன் என்றது. இந்த ஒரு தரம் மட்டும் என்று இறக்கிவிட்டேன். அவனிடம் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

கயிற்றை ஒரு தரம் இழுத்தேன், பதிலுக்கு இழுத்தான். காற்று திசை திரும்பி, கரி டிரம் பக்கமிருந்து உறிஞ்சும் குழாயை நோக்கி வீசியது எனக்குத் தெரிந்தது. இரண்டாம் தரம் இழுத்தபோது பதில் இல்லை. நானும் கோதண்டபாணியும் இழுத்து மேலே போட்டோம். தொப்பியைக் கழற்றினால் முகம் மாப்பிள்ளை மாதிரி சிவந்திருந்தது.

தவசு காலம் என்று கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்துவிட்டார். எழுந்து வெளியே வந்ததும் தெரிந்தது, சொல்ல வேண்டிய ஆளிடம் இன்னும் சொல்லவில்லை என்று. சொல்லிவிட்டேன். கம்ப்ரசரைக் கோதண்டபாணியிடமே விட்டுவிட்டேன். என்னை என்ன செய்வது என்று நீ சொல்.

அந்தோணிசாமி


திண்டிவனம்
11-4-1943

வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு வாரமாக வைத்திருக்கிறேன். முதல் நாள் அடுப்பில் போடப் போனேன். இரண்டாம் நாள், இனி உங்கள் முகத்தில் விழிப்பதில்லை என்று பதில் எழுதிக் கிழித்தேன். முருகையன் வீட்டுக்கு ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டேன். அவரிடம் நான் கேட்டேன், நீங்கள் அல்ல.

நேற்று கடிதத்தைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். அவன் வாழ்க்கை, அவனுக்குத் தெரிய வேண்டும். கடிதத்தை வாங்கி மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தான். பிறகு, “மாமா ரொம்ப அலுத்துப் பூட்டாரு அக்கா” என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனையும் சேர்த்து அடித்திருப்பேன். அலுப்பு உங்களுக்கு மட்டும்தானா? நானும் இருபது வருஷமாகப் பிறத்தியார் பீ மூத்திரம் எடுக்கிறேன். ஒரு நாளும் ஒரு நோயாளியைப் பாதியில் விட்டதில்லை. மன்னித்தேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வந்தால் சொல்கிறேன்.

இப்போது காரியத்தைக் கேளுங்கள். அவன் இனித் தண்ணீருக்குள் போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். கை நடுக்கம் நின்றுவிட்டது. சில நேரம் பேர் மறக்கிறது, அவ்வளவுதான். சும்மா உட்காரவைத்தால் அழுகிறான். என்னோடு வேலை செய்யும் வீரம்மாளைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் போனேன். கைப் பம்பு இன்னும் விற்கவில்லை. நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் நின்று சுற்றினோம். தம்பி குழாய் முனையைக் கட்டைவிரலால் அடைத்துப் பார்த்தான், காற்று விரலைத் தள்ளியது. குழாயை வாளித் தண்ணீரில் முழுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம், வரவில்லை. காற்றை மோந்தும் பார்த்தேன். தோல் நாற்றம் தவிர ஒன்றுமில்லை. விலை பேசி முடித்துவிட்டேன். வண்டியில் வந்துகொண்டிருக்கிறது.

மண்டகப்பட்டு ஏரி மதகை அடைத்துக் கிடக்கும் கல்லை எடுக்க ஊரார் ஆள் கேட்கிறார்கள். இரண்டு ஆள் ஆழம்தான். அதற்குச் சுற்ற நாங்கள் இரண்டு பெண்கள் போதும். கால் மணிக்கொரு தரம் மேலே வந்தால் எங்களுக்கும் ஓய்வு.

இறங்கப் போவது நீங்கள். தொப்பியை நீங்கள் ஒரு நாளும் மாட்டியதில்லை, தண்ணீர் என்றால் உங்களுக்குப் பயம் என்பதும் தெரியும். முத்துக் குளிக்கிறவர்களுக்குப் பெண்டாட்டியின் தம்பிதான் கயிறு பிடிப்பானாம், அக்காள் தாலிக்குப் பயந்து கைவிட மாட்டானாம். ஆஸ்பத்திரிக்கு வந்த தூத்துக்குடிக்காரி ஒருத்தி சொன்னாள். நாம் தலைகீழாகச் செய்துவிட்டோம். இனிக் கயிறு சின்னக்கண்ணு கையில் இருக்கட்டும், உங்கள் மூச்சு என் கையில் இருக்கட்டும். அவன் எதையாவது மறந்தால் பக்கத்தில் நான் நிற்கிறேன்.

முடியும் என்றால் குருத்தோலை ஞாயிறன்று காலை வாருங்கள். முடியாது என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம். அப்புறம் நீங்கள் வரவேண்டியதில்லை.

எதுவானாலும் ஒரு வரி எழுதுங்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்த தேதியையும் அதில் குறியுங்கள்.

சவுரியம்மாள்