மருது என்னிடம் சொன்னது

5 ஏப்ரல் 2025, சனி

இந்தச் சனிக்கிழமையும் காருக்கு ஆயில் மாற்றவில்லை.

ஜெய்சன் காலையிலேயே பழைய கைலியைக் கட்டிக்கொண்டு, காரை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கீழே ஃப்ளெக்ஸ் பேனரையும் விரித்துவிட்டார். படுக்கத்தான் முடியவில்லை. பாதி குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஹெப்சி, கொஞ்சம் வாயேன்" என்று மெல்லக் கூப்பிட்டார். கூப்பிட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தோளைப் பிடித்து நிமிர்த்திக் கட்டிலுக்குக் கூட்டிப்போனேன்.

பிப்ரவரியில் கேஸ் சிலிண்டரைத் தூக்கியதிலிருந்து இந்த இடுப்புப் பிடிப்பு. தரையில் படுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் பதினான்கு வருடமாக இந்தக் காரின் ஆயிலை இவரைத் தவிர வேறு யாரும் மாற்றியதில்லை. "கடையில விட்டா அவனுக்கு அடுத்த வண்டி நிக்கும். நம்ம வண்டி மேல எப்படிக் கவனம் இருக்கும்?" என்பார்.

தல்லாகுளம் ஆபீஸில் நாள் முழுக்க அடுத்தவர் கையெழுத்துக்காகக் காத்திருக்கிற மனுஷன். தானே ஆரம்பித்துத் தானே முடிக்கிற வேலை இது ஒன்றுதான். முடித்துவிட்டு மூக்கில் கறுப்போடு எழுந்து வந்து, "இப்ப ஸ்டார்ட் பண்ணு, சத்தத்தக் கேளு" என்பார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனாலும் தலையாட்டுவேன். அந்த முகத்துக்காக.

21ஆம் தேதி பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் வேலை தொடங்குகிறது. பசுமலையிலிருந்து திருமங்கலத்துக்குத் தினமும் நான்தான் ஓட்டிப்போக வேண்டும். என்ன செய்ய?

12 ஏப்ரல், சனி

செய்துவிட்டேன். அவர் பிசியோதெரபிக்கு ஆட்டோவில் போன நேரத்தில் காரைத் திருநகர் ரோட்டில் இருக்கும் ஆயில் சேஞ்ச் கடைக்குக் கொண்டுபோனேன். 'பதினைந்தே நிமிடம்' என்று பெரிதாக போர்டு வைத்திருக்கிற கடை.

மருது என்று ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும், காருக்கு அடியில் இருந்த பள்ளத்துக்குள் இறங்கி வேலை பார்த்தார். முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மேடம், ஒரு விசயம். கீழ ஆயில் இறக்குற போல்ட் இருக்குல்ல, அது மாட்டுற எடத்துல மரை தேஞ்சு போச்சு, போல்ட் சரியாப் பிடிக்கல. வருசக்கணக்கா யாரோ ரொம்ப இறுக்கி இறுக்கி மாட்டியிருக்காக. இப்போதைக்கு நிக்கும். ஒரு வாரத்துக்குள்ள கொண்டாந்துருங்க, புது மரை போட்டுத் தாரேன். மறந்துறாதீக."

யாரோ என்றார். யாரென்று எனக்குத் தெரியாதா? அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

கோயிலுக்குப் புறப்படும்போது, கடையில் ஆயில் மாற்றியதைச் சொன்னேன். சண்டை போடவில்லை. வெள்ளைச் சட்டையோடு பானெட்டைத் திறந்து, ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, மோந்துகூடப் பார்த்தார். "பரவால்ல" என்றார். இவரிடம் போய், நீங்கள் இறுக்கி இறுக்கித்தான் மரை தேய்ந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? ஈஸ்டர் முடியட்டும்.

19 ஏப்ரல், சனி

கடைக்குப் போக நினைத்தேன். நாளை ஈஸ்டர். மட்டன் வாங்கி, வீடு கழுவி, பலகாரம் சுட்டு — போகவில்லை. போல்ட் விஷயத்தை இன்னும் இவரிடம் சொல்லவும் இல்லை.

22 ஏப்ரல், செவ்வாய்



காலையில் நானும் தமிழ்வாணியும் திருமங்கலத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் பள்ளித் தமிழாசிரியை அவள். கப்பலூர் தாண்டும்போது மீட்டர் பக்கம் கைகாட்டி, "ஹெப்சி, அது என்ன சிவப்பா எரியுது?" என்றாள். பேட்டரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு மேலும் ஓட்டினேன். ஏன் ஓட்டினேன்? எட்டரைக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். பெரிய கையெழுத்து. கொஞ்ச தூரத்தில் முன்னாலிருந்து கடகடவென்று இரும்புச் சத்தம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே உரசுகிற மாதிரி ஒதுங்கிப் போனது. தமிழ்வாணி என் கையை விடவே இல்லை.

காரை இழுத்துக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள். இடுப்பு வலியைக்கூடப் பார்க்காமல் ஜெய்சன் கீழே படுத்தார். "போல்ட்டே இல்ல ஹெப்சி. சரியா இறுக்காம விட்டிருக்கான். ஒரு சொட்டு ஆயில் இல்லாம ஓடியிருக்கு" என்றார். எழுந்து வந்து என் தலையைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

அப்போது சொல்லியிருக்க வேண்டும்.

23 ஏப்ரல், புதன்

திருத்தும் இடத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால், இவர் கடைக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார். குரலே உயர்த்தாதவர், நடுக்கடையில் நின்று கத்தியிருக்கிறார். முதலாளி கண்ணுச்சாமி மருதுவைக் கூப்பிட்டு விசாரித்தாராம்.

"அவன் என்ன சொல்றான் தெரியுமா? மேடத்துட்ட அப்பவே சொன்னேன், மரை தேஞ்சிருக்குன்னு சொன்னேன்னு கூசாம சொல்றான். என் வீட்டம்மா டீச்சர், அப்படி மறைக்கிற ஆள் இல்லப்பா, அவ சொன்னா சொன்னதுதான்னேன். அதுக்கு மேல அவனால வாயத் திறக்க முடியல."

சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார். எனக்கும் போட்டுவிட்டார். நான் குனிந்து சாப்பிட்டேன்.

நான் எப்படிப்பட்டவள்?

26 ஏப்ரல், சனி

சொல்லவில்லை.

29 ஏப்ரல், செவ்வாய்

மருதுவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். ஆபீஸிலிருந்து வரும் வழியில் இவர் கேள்விப்பட்டிருக்கிறார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டார். "வேலைய விட்டு எடுங்கன்னு நான் சொல்லல ஹெப்சி. அவன் ஒத்துக்கிட்டாப் போதும்னுதான் இருந்தேன்" என்றார்.

மருது எதை ஒத்துக்கொள்ள வேண்டும்? பிள்ளைகள் பொய் சொன்னால் வகுப்பில் எழுப்பி நிறுத்துகிற டீச்சர் நான்.

1 மே, வியாழன்

இன்று லீவு. இரண்டு பேரும் வீட்டில்தான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மருது சொன்னது நிஜம். என்கிட்ட சொன்னார். நான்தான் உங்ககிட்ட சொல்லல" என்றேன். மற்றதும் வந்துவிட்டது. இறுக்கி மாட்டியது, மரை, ஒரு வாரத்தில் வரச் சொன்னது, எல்லாம்.

வெங்காயத்தை மட்டும் உரித்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "அப்ப நான் இறுக்குனதுதானா" என்றார்.

"ஆமா."

"லூஸா இருந்தா ஒழுகிருமேன்னு ஒவ்வொரு தடவையும் ஒரு சுத்து கூட வச்சேன்."

"தெரியும்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன பயம் உனக்கு?"

"பயமே இல்லங்க. இந்த மூஞ்சி வாடிரும்னுதான். வேற ஒண்ணுமே இல்ல." இப்படிச் சொல்லிவிட்டு அழுதேன். வெங்காயத்தால் என்று அவர் நினைத்துக்கொண்டாலும் சரி என்று அழுதேன்.

"என் மூஞ்சி வாடக்கூடாதுன்னு அந்த மனுஷன் பொழப்பக் கெடுத்துட்டோமே ஹெப்சி" என்றார். கெடுத்துட்டியே என்று சொல்லவில்லை.

3 மே, சனி

காலையில் ஜெய்சன் கைலியை எடுக்கவில்லை. பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு, "வா" என்றார்.

ஆட்டோ பிடித்து முதலில் கடைக்குப் போனோம். நாலைந்து பேர் வண்டியோடு நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும், "அண்ணே, அன்னைக்கு நான் கத்துனது தப்பு. உங்க ஆள் முறையாச் சொல்லியிருக்காரு. தப்பு எங்க பக்கம்" என்றார். கண்ணுச்சாமி எழுந்து நின்றுவிட்டார். அன்றைக்குக் கத்திய அதே இடத்தில் நின்றுதான் சொன்னாராம், ஜெய்சன் பிறகு என்னிடம் சொன்னார். மருதுவின் வீடு கீழக்குயில்குடியில் என்று கேட்டுக்கொண்டு, அதே ஆட்டோவில் போனோம்.

மருது வேப்பமரத்தடியில் யாருடைய மொபெட்டையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நான்தான் பேசினேன். பேசவேண்டியவள் நான்தானே. மன்னிப்புக் கேட்டேன். அவர் பாட்டுக்கு ஒரு திருகாணியைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு சொன்னார்: "வேல போனதுகூடப் பெரிசில்ல மேடம். இங்கயும் அங்கயும் நாலு வண்டி பாத்துப் பொழச்சுக்குவேன். பத்து நாளா எங்க வீட்டுல இவளே கேக்குறா, நெசமாவே சொன்னியா, இல்ல மறந்துட்டுப் பேசுறியான்னு. டீச்சர் பொய் சொல்லுவாங்களாங்கிறா. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

துடைத்த திருகாணியைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட ஒண்ணும் கேக்க வேணாம். அவகிட்ட ஒருக்கச் சொல்லிட்டுப் போங்க."

உள்ளே போனேன். சரண்யாதேவி அடுப்படியில் இருந்தாள். என்னைவிட எவ்வளவோ சின்னவள். யாரென்று தெரிந்ததும் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"அவர் சொன்னார்மா. தெளிவாச் சொன்னார். மறந்துறாதீங்கன்னும் சொன்னார். நான் கேட்டேன். கேட்டுட்டுக் கேக்காத மாதிரி இருந்துட்டேன். பொய் நான் சொன்னது."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள். புருஷன் பக்கத்தில் போய்க் குந்தினாள். தரையில் சிதறிக் கிடந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தாள். மருது தலையை நிமிர்த்தவே இல்லை. ஆனால் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஜெய்சன் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

10 மே, சனி

கண்ணுச்சாமியே கீழக்குயில்குடிக்குப் போய் மருதுவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டாராம். மருது இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் வந்தாராம். நல்லது, யோசிக்கட்டும்.

24 மே, சனி

எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். இன்றைக்குத் திருப்பரங்குன்றம் வரை ஓட்டிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு மாட்டு வண்டியில் இடிக்கப் பார்த்தேன்.

12 ஜூலை, சனி

எஞ்சின் வேலைக்குப் பிறகு முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டுமாம். பதினொரு மணிக்குக் கோயிலில் தமிழ்வாணியின் தம்பி கல்யாணம் — அவன் எங்கள் சபைப் பெண்ணைக் கட்டுகிறான். அதற்கு முன்னால் கடைக்குப் போய்விடலாம் என்றார் ஜெய்சன். அவரே ஓட்டினார்.

மருது எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. வண்டியைப் பள்ளத்தின் மேல் ஏற்றி நிறுத்தினார். ஜெய்சன் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்த மருது, "குனியாதீக சார். படி அந்தப் பக்கம் இருக்கு, எறங்கி வாங்க" என்றார்.

கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு இறங்கினார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஹெப்சி, இங்க நிமிந்து நின்னுக்கிட்டே எல்லாத்தையும் பாக்கலாம்." பதினான்கு வருடம் தரையில் மல்லாந்து கிடந்து பார்த்ததை இன்றைக்குத்தான் நின்று பார்க்கிறார்.

பிறகு பேச்சு மட்டும் கேட்டது. இது என்ன, அது ஏன் இப்படி இருக்கிறது என்று இவர் கேட்க, முதலில் ஒற்றை ஒற்றை வார்த்தையாகத்தான் பதில் வந்தது. போகப் போக மருதுவின் பேச்சு நீண்டது. ஒரு தடவை அவர் சிரிக்கிற சத்தமும் கேட்டது. வெளியே இரண்டு வண்டிகள் வந்து நின்றுவிட்டன. கண்ணுச்சாமி என்னிடம் வந்து, "மேடம், ஆயில் ஊத்தி எம்புட்டு நேரமாச்சு. சாரக் கொஞ்சம் மேல வரச் சொல்லுங்க" என்றார்.

ஓரத்தில் போய் நின்று கூப்பிட்டேன்.

"அஞ்சு நிமிசம்" என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள்.

எதிர்த்த கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.